ரெண்டு கல்

அம்பாங், தண்ணீர்த்துறை லைன்
4-6-1928

சேசு மரி சூசை துணை.

மகதலேனா அக்காவுக்கு,

இது நாலாவது கடிதம். முன்னே எழுதின மூணும் வழியில தொலைஞ்சிருக்கும்னு போஸ்ட்மேனைத் திட்டிக்கிட்டு இருந்தேன். போன ஞாயிறு பூசைக்கு வந்தேன். நீங்க தூணோரம் உக்காந்திருந்தீங்க. என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, பூசை முடியறதுக்கு முன்னாடியே பக்கவாசல் வழியா போயிட்டீங்க. போஸ்ட்மேன் பாவம்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

ரபேல் மச்சான் போய் இன்னையோட எட்டு வாரம். ஆண்டவர் உயிர்த்த மறுநாள், பாஸ்கு திங்களுக்கு நம்ம கோயில் ஜனங்களை மலைக்குளத்துக்குக் கூப்பிட்டது நான்தான். குளத்தைச் சுத்திப் பாதை வெட்டினது நான்தான். யார் எதுவரைக்கும் நடக்கலாம்னு பிரிச்சு வச்சதும் நான்தான். அன்னைக்கு அறுபது பேர் வந்தாங்க. அம்பத்தொன்பது பேர் நடந்து திரும்பினாங்க. இதுல நான் எதை இல்லைன்னு சொல்ல முடியும்?

முப்பதாம் நாள் பூசைக்கு எனக்குச் சொல்லி அனுப்பலை. பரவாயில்லை. செசிலியா எப்படி இருக்கா? எட்டு வயசுப் பிள்ளை, அப்பாவைக் கேட்டு அழுதா என்ன சொல்றீங்க? மாமாவைக் கேட்கிறாளா?

மச்சானோட ஷூ ரெண்டும் என்கிட்ட இருக்கு. பாறை மேல உக்காந்தப்ப கழட்டினது. ஈரம் காய வச்சு, துடைச்சு வச்சிருக்கேன். கொண்டு வரட்டுமா? வாசல்ல வச்சிட்டுப் போயிடறேன், உள்ளே வரமாட்டேன்.

திட்டறதா இருந்தாலும் ரெண்டு வரி எழுதுங்க அக்கா. நீங்க பேசாம இருக்கறதைத்தான் தாங்க முடியலை.

உங்க தம்பி
ஸ்டானிஸ்லாஸ்


பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே கோட்டர்ஸ்
17-6-1928

ஸ்டானிஸ்,

தம்பின்னு எழுதக் கை வரலை. திட்டச் சொன்னியே, வாங்கிக்கோ.

ஷூவை அனுப்பாதே. போட்டுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு ஷூ எதுக்கு?

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி நீ எழுதி அனுப்பின துண்டுக் காகிதம் எனக்கு மனப்பாடம். "மச்சான் ரெண்டு கல்லுக்கு மேலே போக வேண்டாம்." ஏண்டா, நெஞ்சு சீக்குக்காரனை ரெண்டு கல் தூரம் நடக்கச் சொல்ற புத்தி எவனுக்காவது வருமா? டாக்டர் சம தரையில காலாற நடக்கச் சொன்னார். மலை ஏறவா சொன்னார்? உனக்கு அவர் உடம்பு தெரியாதா? எஞ்சின் ஓட்டின மனுஷன், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு ரயில் செட்டுல உக்காந்து எண்ணெய்த் துணி கொடுத்துக்கிட்டு இருந்தார். உன் பேச்சை நம்பி ரெண்டாவது கல்லைத் தேடித் தேடி ஏறியிருக்கார்.

சரி, எழுதினே. அன்னைக்கு நீயாவது கூட இருந்தியா? நாங்க ரெண்டாவது ரயில்ல வந்து சேர்ந்தப்ப கேட்டுல நீ இல்லை. உன் கூலி கன்னையாதான் நின்னான். நீ எங்கேன்னு கேட்டா, வள்ளியம்மாவை முதுகில சுமந்துக்கிட்டுப் போயிட்டதா சொன்னான். ஊரான் வீட்டு நொண்டிக்கு உன் முதுகு இருந்துச்சு. சொந்த மச்சானுக்கு உன் ரெண்டு வார்த்தைதான் இருந்துச்சு, அதுவும் அவரைக் கொன்னுச்சு.

அம்மா சாகறப்ப உனக்கு மூணு வயசு. உன்னை இடுப்பில வச்சுக்கிட்டே கஞ்சி காய்ச்சினவ நான். கல்யாணத்துக்கு அப்புறமும் உன்னை விடாம இந்த மலாயாவுக்குக் கூட்டி வந்தேன். அவர் ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பாரா? உனக்குத் தண்ணீர்த்துறையில கூலிங்களை மேய்க்கிற மண்டோர் வேலைக்குச் சொல்லி வச்சதே அவர்தான்.

நீ செஞ்சது கொலைன்னு நான் எங்கேயும் சொல்லலை. குழாயடியில சொல்லிக்கிறாங்க. நான் இல்லைன்னு சொல்லலை, அவ்வளவுதான்.

செசிலியா உன்னைக் கேட்கிறா. மாமா ஊர்ல இல்லைன்னு சொல்லிட்டேன்.

மகதலேனா


அம்பாங்
1-7-1928

அக்கா,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். ஒண்ணு மட்டும் விளங்கிச்சு. அந்தத் துண்டுல இருந்த கல்லு உங்களுக்கு ஒரு கல்லு, எனக்கு வேற கல்லு. எப்படின்னு எழுதறேன். தப்பிக்க இல்லை. நடந்தது உங்களுக்குத் தெரியணும்.

நீங்க குளத்தைச் சரியா பார்த்ததில்லை, கேட்டுக்குப் பக்கத்துல சமையலோட நின்னுட்டீங்க. முழுசாச் சுத்தினா நாலு மைல். முன்னாடியெல்லாம் இளந்தாரிங்க சுத்தி வருவாங்க, கிழவங்களும் முடியாதவங்களும் கேட்டுல உக்காந்து சோத்துப் பானைக்குக் காவல். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வள்ளியம்மா சொன்னா, "மண்டோரே, இத்தனை வருஷம் இந்தக் குளத்துத் தண்ணியைக் குடிக்கிறேன், குழாயில பார்த்ததோட சரி". அவளுக்குக் கால் போனது தோட்டத்துல மரம் விழுந்து. அவ சொன்னது எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் துரைகிட்டக் கேட்டு, கூலிங்களை வச்சுப் பாதையைப் பிரிச்சேன். கரை மேல சமமா போய் ஓலைக் கொட்டகை, அங்கே சுண்ணாம்பு அடிச்ச கல்லு ஒண்ணு. கம்பு ஊன்றவங்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அதோட நின்னுக்கணும். அடுத்தது மரப்பாலம், அங்கே கல்லு ரெண்டு. மூச்சு வாங்கறவங்க அதோட சரி. அருவிக்கிட்ட கல்லு மூணு, நடக்கத் தெம்பு இருக்கறவங்களுக்கு. அதுக்கு மேல மேடு, பாராங் கத்தி பிடிக்கிற பசங்களுக்கு மட்டும்.

மாசக்கணக்கா கூலிங்களோட இதே பேச்சு. "ஒரு கல்லுல புல்லு வெட்டு, ரெண்டு கல்லுல பலகை மாத்து." கல்லுன்னா மைல்னு ஒரு அர்த்தம் இருக்கறதே எனக்கு மறந்து போச்சு அக்கா. நம்ம பாஷையிலயும் கல்லுன்னா மைல், மலாய்க்காரனும் கல்லுக்கும் மைலுக்கும் 'பத்து'ன்னு ஒரே சொல்தான் சொல்றான். "ரெண்டு கல் வச்ச பாலம்"னு எழுதியிருக்கணும். துண்டுல இடம் இருந்துச்சு. எழுதலை.

காலையில முதல் ரயில்ல வந்தவங்களுக்கெல்லாம் கேட்டுல நின்னு வாயால சொன்னேன். நீங்களும் அதுலதான் வருவீங்கன்னு நினைச்சேன். வரலை. மச்சானுக்குத்தான் முன்னாடியே எழுதிட்டோமேன்னு வள்ளியம்மாவைத் தூக்கிக்கிட்டுப் போனேன். கன்னையாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கலாம்.

என் தப்புதான். குழாயடியில சொல்றதை நீங்க மறுக்க வேண்டாம்.

ஸ்டானிஸ்லாஸ்


பிரிக்பீல்ட்ஸ்
3-11-1928

ஸ்டானிஸ்,

பதில் போட நாலு மாசம் ஆயிடுச்சு. கோபத்துல இல்லை. என்ன எழுதறதுன்னு தெரியலை.

நேத்து கல்லறைத் திருநாள். நானும் செசிலியாவும் போறதுக்கு முன்னாடியே யாரோ மெழுகுவத்தி ஏத்திட்டுப் போயிருந்தாங்க. சுத்தியும் புல்லைச் செதுக்கி, ஓரம் நூல் பிடிச்ச மாதிரி வெட்டியிருந்துச்சு. அந்த வெட்டு யார் வெட்டுன்னு எனக்குத் தெரியாதா? செசிலியாவும் கண்டுபிடிச்சிட்டா. "மாமா ஊருக்கு வந்துட்டாரா அம்மா"ன்னு கேட்டா. வாயை மூடுடின்னு அதட்டிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி, சின்னையா லயத்து ஆளுங்க எல்லாரும் இன்னும் உன்னைத்தான் பேசறாங்க. வள்ளியம்மா மட்டும் அவங்ககிட்டச் சண்டை போட்டாளாம், கம்பை ஓங்கிக்கிட்டு. வெக்கமா இருந்துச்சு எனக்கு.

ரெண்டு விஷயம் கேட்கணும். கடைசியில அவர் என்ன சொன்னார்? நீதானே முதல்ல போய்ச் சேர்ந்தே. நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

இன்னொண்ணு. அந்தத் துண்டுக் காகிதம் அவர் சட்டைப் பையில இருந்துச்சா? துணி மாத்தினது நீதானே. சும்மாதான் கேட்கிறேன். அவர் பையில வச்சிருந்த ஞாபகம், அதான்.

மகதலேனா


அம்பாங்
12-11-1928

அக்கா,

உங்க கடிதம் கிடைச்சுது. பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு சுருட்டு முழுசாக் குடிச்சேன்.

மச்சான் கடைசியா பேசினதை எழுதறேன். வேண்டாம்னா இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க.

மழை பிடிச்சதும் பசங்க மேட்டிலிருந்து ஓடி வந்தாங்க, ரபேல் அண்ணன் பாறையில உக்காந்துட்டார், எழுந்திரிக்கலைன்னாங்க. கொட்டகையிலிருந்து ஓடினேன். மேடு ஏறுற இடத்துல பெரிய பாறை ஒண்ணு, அதுல உக்காந்திருந்தார். ஷூவைக் கழட்டிப் பக்கத்துல ஜோடியா வச்சிருந்தார், வீட்டு வாசல்ல வைக்கிற மாதிரி. உதடு நீலம் பூத்திருந்துச்சு. என்னைப் பார்த்துச் சிரிச்சார். "ஸ்டானிஸ், ரெண்டாவது கல்லு இன்னும் எவ்வளவு தூரம்டா? பாதியில நின்னா உங்கக்கா மானம் போயிடும்"னார்.

அவர் ரெண்டு கல்லு வச்ச பாலத்தைத் தாண்டி ஒன்றரை மைல் வந்திருந்தார். "இதோ வந்திருச்சு மச்சான், அடுத்த வளைவுதான்"னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டு என் தோள் மேல சாய்ஞ்சார். அவ்வளவுதான் அக்கா. முதுகில போட்டுக்கிட்டு இறங்கினேன். வள்ளியம்மாவைச் சுமந்த அதே முதுகு.

காகிதம் எதுவும் இல்லை. மழையில கரைஞ்சிருக்கும்.

துரை வர்ற பாஸ்குவுக்கும் பாதையைத் திறக்கச் சொல்றார். என்னால முடியலை. தினம் ரோந்து போறப்ப அந்தப் பாறையைத் தாண்டித்தான் போகணும். நாலு அடி தள்ளி நடக்கிறேன், தலையைத் திருப்பிக்கிட்டு. வேலையை விடறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். என் இடத்துல கன்னையாவை மண்டோர் ஆக்கறாங்க. மார்ச் பத்தொன்பது கப்பல், நாகப்பட்டணத்துக்கு. அங்கே அப்பா வழியில சித்தப்பா மகன் இருக்கான்னு கேள்வி. இருக்கானோ இல்லையோ.

நீங்க கூப்பிட்டா ஒரு தடவை வந்து செசிலியாவைப் பார்த்துட்டுப் போவேன். கூப்பிடலைன்னா வரலை.

ஸ்டானிஸ்லாஸ்


பிரிக்பீல்ட்ஸ்
14-3-1929

டேய் தம்பி,

மூணு தடவை எழுதி மூணு தடவை கிழிச்சேன். இதைக் கிழிக்க மாட்டேன். நீ கப்பல் ஏறறதுக்குள்ள உன் கைக்குக் கிடைக்கணும்னு அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டேன்.

தபசு காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். சாமியார் முழுசாக் கேட்டுக்கிட்டார். அப்புறம், "இதை ஆண்டவர்கிட்டச் சொல்லிட்டே, உன் தம்பிகிட்டச் சொன்னியா"ன்னு கேட்டார்.

சொல்றேன் கேளு. பாஸ்குக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் கன்னையா துண்டைக் கொண்டு வந்தான். உன் மச்சான் இந்த ஊர்லயே பிறந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனவர், தமிழ் எழுத்து தெரியாது, உனக்கே தெரியும். நான் மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன். கை பூரா மாவு. அவர் துண்டைப் பிடிச்சுக் காட்ட, நான் எட்டிப் பார்த்துப் படிச்சேன். "டூ மைல்ஸா? என்னால ஆகுமா மகதா"ன்னு கேட்டார்.

எனக்கு அப்பவே உறுத்திச்சுடா. என் தம்பி இப்படி எழுத மாட்டானேன்னு. கன்னையா வாசல்ல தண்ணி குடிச்சுக்கிட்டுத்தான் நின்னான். "என்ன கல்லுப்பா இது"ன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா சொல்லியிருப்பான். நான் கேட்கலை.

ஏன்னு சொல்லவா? அன்னைக்குக் காலையில குழாயடியில புஷ்பவல்லி சிரிச்சுக்கிட்டே, "உங்க வீட்டுக்காரரைக் கிழவங்களோட கொட்டகையில உக்கார வச்சிடுவாங்களாமே"ன்னா. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. மெயில் வண்டி ஓட்டின மனுஷன், நொண்டி முடவங்களோட உக்காரவான்னு. ரெண்டு மைல்னு துண்டு வந்ததும் உள்ளுக்குள்ள சந்தோஷம் எனக்கு. என் தம்பியே சொல்லிட்டான், ஊர் பார்க்கட்டும்னு. "ஆமாங்க, ரெண்டு மைல்தான், தாராளமா நடங்க, நடுவுல உக்காந்து என் மானத்தை வாங்காதீங்க"ன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்டா. அவரும் சிரிச்சார். "அப்ப லைன் கிளியர்"னு சொல்லிட்டு, காதுல சொருகியிருந்த பென்சிலை எடுத்து அந்தத் துண்டுலயே ஏதோ எழுதிக்கிட்டார். அதான் அந்தத் துண்டைக் கேட்டேன். யார் கையிலாவது கிடைச்சிடுமோன்னு பயம்.

நீ எழுதின கடைசிப் பேச்சைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. என் மானத்துக்காக நடந்திருக்கார்.

ஒரு வருஷமா உன் தலையில போட்டு வச்சேன். ஊர் உன்னைத் திட்டறப்ப எனக்குள்ள ஒரு மூலையில நிம்மதியா இருந்துச்சு. நான் எப்படிப்பட்டவ பாரு. கஞ்சி ஊத்தினேன்னு சொல்லிக் காட்டினேனே, அந்தக் கையாலயே இதையும் செஞ்சேன்.

வீட்டுக்கு வாடா. செசிலியா வாசல்லயே உக்காந்திருக்கா, மாமா வருதுன்னு சொல்லிட்டேன். போகாதே.

அக்கா


கிள்ளான் துறைமுகம்
19-3-1929

அக்கா,

சனிக்கிழமையே அம்பாங்கை விட்டு வந்துட்டேன். உங்க கடிதம் அங்கே போயிருக்கு. கன்னையா அதை எடுத்துக்கிட்டு இன்னைக்குக் காலை ரயில் பிடிச்சு, துறைமுகம் பூரா என்னைத் தேடியிருக்கான். கப்பலுக்கு இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. பெட்டி உள்ளே போயிருச்சு. மூட்டை மேல வச்சு எழுதறேன், எழுத்து கோணும்.

அக்கா, எனக்குத் தெரியும்.

துண்டு மச்சான் பையிலதான் இருந்துச்சு, நனைஞ்சிருந்தாலும் படிக்க முடிஞ்சுது. என் எழுத்துக்குக் கீழே பென்சில்ல இங்கிலீஷ்ல, "டூ மைல்ஸ், லைன் கிளியர்"னு. ரயில்காரர் லைன் கிளியர் கிடைக்காம வண்டியை எடுக்க மாட்டார். உங்க வீட்ல தமிழ் படிக்கிறது நீங்க ஒருத்திதான். நீங்கதான் மைல்னு படிச்சுச் சொல்லியிருக்கீங்கன்னு அங்கேயே விளங்கிருச்சு. அதை மடிச்சுத் திரும்ப அவர் பையிலயே வச்சு, மேல சிலுவையை வச்சேன். அவரோடயே மண்ணுக்குள்ள போயிருச்சு. இனிமே யார் கையிலயும் கிடைக்காது, பயப்படாதீங்க. இல்லைன்னு நான் எழுதினது பொய்.

அப்பவே சொல்லியிருந்தா நீங்க ஒடிஞ்சு போயிருப்பீங்க. செசிலியாவுக்கு யார் இருக்கா? யாரையாவது திட்டிக்கிட்டு இருந்தா எழுந்து உலை வைப்பீங்கன்னு நினைச்சேன். ஆனா ஒரு வருஷம் நான் நினைச்ச மாதிரி சுலபமா இல்லை. பூசையில நீங்க எழுந்து போன அன்னைக்கு, எல்லாத்தையும் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நானும் ஒண்ணும் புனிதன் இல்லை.

கல்லுன்னு எழுதினது நான்தான். அதையும் மறந்துடாதீங்க.

இந்தக் கடிதம் நாலு நாள் முன்னாடி வந்திருந்தா நான் போயிருக்க மாட்டேன். இப்ப பேர் கொடுத்தாச்சு, வேலையும் போயாச்சு. செசிலியாகிட்ட மாமா ஏமாத்தலைன்னு சொல்லுங்க. நிஜமாவே ஊர்ல இல்லைன்னு இனிமே சொல்லலாம்.

ஒரே ஒரு வேண்டுதல். பாஸ்கு திங்கள் கன்னையா பாதையைத் திறக்கறான். நீங்க ஒரு தடவை பாலம் வரைக்கும் போய் வாங்க. மச்சான் நின்னிருக்க வேண்டிய இடம் அது. ஷூ கன்னையாகிட்ட இருக்கு.

ஊதல் ஊதிட்டாங்க.

தம்பி


பிரிக்பீல்ட்ஸ்
1-4-1929, பாஸ்கு திங்கள்

என் தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கு,

நீ கன்னையாகிட்டக் கொடுத்திருந்த நாகப்பட்டணத்து விலாசத்துக்கு இதைப் போடறேன். உன் கைக்கு வருமா, அங்கே அந்தச் சித்தப்பா மகன் இருக்கானா, ஒண்ணும் தெரியாது.

இன்னைக்குப் போயிட்டு வந்தேன். இந்தத் தடவை முதல் ரயில். கேட்டுல கன்னையா தொண்டை கட்டினவனா, வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும், "மைல் இல்லைங்க, வெள்ளைக் கல்லு, வெள்ளைக் கல்லை எண்ணுங்க"ன்னு கத்திக்கிட்டு நின்னான். நாலு தடவை என்கிட்டயே சொன்னான். அழுதுக்கிட்டே சொன்னான்டா.

அங்கே போறதுக்கு முன்னாடியே ஒரு காரியம் பண்ணிட்டேன். நேத்து பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல புஷ்பவல்லியையும் மத்தவங்களையும் நிறுத்தி, துண்டைப் படிச்சு மைல்னு சொன்னது நான்தான்னு சொல்லிட்டேன். ஒருத்தொருத்தியா கலைஞ்சு போனாங்க. வள்ளியம்மா மட்டும் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. இன்னைக்கு அவளைத் தூக்கிட்டுப் போக ஆள் இல்லை. நானும் கன்னையா பெண்சாதியும் ரெண்டு பக்கமும் தாங்கிக் கொட்டகையில உக்கார வச்சோம்.

அப்புறம் செசிலியா கையைப் பிடிச்சுக்கிட்டு, அவர் ஷூவை இடுக்கிக்கிட்டு நடந்தேன். அடியை எண்ணிக்கிட்டே போனேன். சம தரைடா. வெயில்கூட இல்லை, பூரா மர நிழல். பேச்சுக் கொடுத்துக்கிட்டே நடந்தா தெரியவே தெரியாது. முன்னூத்தி நாப்பது அடி எண்ணினேன், பாலம் வந்துருச்சு. ரெண்டு வெள்ளைக் கல்லு, பக்கத்துல நீ போட்ட பலகை. சாய்ஞ்சுக்க முதுகுப் பக்கமும் ஒரு கட்டை அடிச்சிருக்கே. யாருக்காக அடிச்சேன்னு பார்த்ததும் தெரிஞ்சுது.

உக்காந்தேன். ஷூவை மடியில வச்சுக்கிட்டேன். எதிர்ல தண்ணி அப்படியே அசையாம கிடந்துச்சு. செசிலியா அந்தக் கல்லு ரெண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு, "அப்பா இதைப் பார்க்கலையா அம்மா"ன்னு கேட்டா. பார்த்திருப்பாரு கண்ணு, அம்மா சொன்னது வேறன்னு தாண்டிப் போயிட்டாருன்னு சொன்னேன்.

நம்ம வீட்டிலிருந்து குழாயடி போற தூரம்கூட இல்லையேடா தம்பி. இவ்வளவுதானாடா ரெண்டு கல்லு?

அக்கா